ஒரு அணில் போதும்
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

விளம்பரத்தில் எதைச் சொல்லாமல் விடுவது என்பதுதான் பெரிய வித்தை. "அதெல்லாம் வெளிநாட்டுப் பாணி சார்" என்கிறார்கள் தம்பிகள். இல்லை தம்பி, அது நம்ம சிவகாசிச் சரக்கு!

கல்கத்தாவில் தொழில் கற்று வந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1923-இல் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினார்கள். தீப்பெட்டி மேலே இருப்பது இரண்டு விரல் இடம். அதில் கதையா எழுத முடியும்? ஒரு படம், ஒரு பெயர். எழுத்தறியாத பாட்டிகூட கடையில் "அணில் பெட்டி குடுப்பா", "காகா பெட்டி குடுப்பா" என்று கேட்டு வாங்கலாம். ஆனால் குச்சி பற்றவில்லை என்றால் மறுநாள் அந்த அணிலை யார் கேட்பார்? சின்னத்துக்குப் பின்னால் சரக்கு நிற்க வேண்டும்.

2023-இல் நம் மாவட்டத்து இ.குமாரலிங்கபுரத்துக்கு 1,052 ஏக்கரில் பி.எம். மித்ரா ஜவுளிப் பூங்கா அறிவிக்கப்பட்டது. அருப்புக்கோட்டைச் சீமைக்கு நெசவு புதிதல்ல. ஆனால் அங்கே உருவாகும் துணி யார் பெயரில் கடைக்குப் போகும்? நம்ம பிள்ளைகள் வரைந்த சின்னத்திலா, அடுத்தவர் லேபிளிலா?

டிசைன் படிக்கும் தம்பி தங்கைகளே, பத்து நிறமும் இருபது எழுத்து வகையும் வேண்டாம். ஒரு பாட்டி வாயால் கேட்டு வாங்குகிற மாதிரி ஒன்றே ஒன்று வரையுங்கள்.