அடி வாங்கத் தெரிந்த கதாநாயகன்

‘கூலி’ படத்தின் கதையை நான் சொல்லப்போவதில்லை. நம்ம ராயபுரம் பக்கத்தில் பார்க்காதவர்கள் குறைவு. 2025 ஆகஸ்ட் 14, படம் வந்த நாள், காலை ஒன்பது மணிக் காட்சி. காசிமேட்டில் மீன் ஏலம் முடித்த கையோடு, மடித்துக் கட்டிய லுங்கியை இறக்கிவிடக்கூட நேரமில்லாமல் தியேட்டருக்கு ஓடியவர்களை எனக்குத் தெரியும். ரஜினிக்குத் திரையில் ஐம்பதாவது வருடம். லோகேஷ் கனகராஜ் இயக்கம். கதை நடப்பதோ துறைமுகத்தில். விசாகப்பட்டினத் துறைமுகம்தான், இருந்தாலும் ராயபுரத்துக்காரனுக்குத் துறைமுகம் என்றால் துறைமுகம்.

அன்று சாயங்காலம் எங்கள் பாக்சிங் கொட்டகையில் யாரும் கையுறை மாட்டவில்லை. பேச்சுதான். “தலைவரு சூப்பர் வாத்யாரே, படம்தான் இழுவை” என்றான் ஒருவன். “அமீர்கான் எதுக்கு வந்தாரு, எதுக்குப் போனாரு?” என்றான் இன்னொருவன். சௌபின் சாஹிர்தான் படத்தைத் தூக்கி நிறுத்தினார் என்று ஒரு கட்சி; இல்லை, ரச்சிதா ராம்தான் என்று எதிர்க்கட்சி. இட்லிக்கடை அக்காவுக்கு வேறு கோபம். படத்துக்கு ‘ஏ’ சான்றிதழ். பிள்ளைகளை உள்ளே விடவில்லை. அதை மாற்றக் கேட்டுத் தயாரிப்பாளர்கள் உயர் நீதிமன்றம் வரை போனார்கள், மனு தள்ளுபடியானது. துறைமுகத்தில் மூட்டை தூக்கி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவர் சொன்னதுதான் எனக்குப் பிடித்தது: “ஹார்பர் படம்னு கூட்டிட்டுப் போனானுங்க. கண்டெய்னர் கண்டெய்னரா காட்டுறான். அதுக்குள்ள வேலை செய்றவன் எங்கடா?”

எல்லாம் சரிதான். படம் ஐந்நூறு கோடியைத் தாண்டி வசூலித்தது என்பதும் சரிதான். வசூல் வேறு, மனசு நிறைவது வேறு. என் குறை இவற்றில் எதுவும் இல்லை. அவ்வளவு சண்டை இருந்தும் ஓர் இடத்தில்கூட எனக்குப் பயம் வரவில்லை. ரஜினியின் தேவா விழுந்துவிடுவாரோ, எழுந்திருக்க மாட்டாரோ என்று என் வயிறு ஒருமுறைகூடக் கலங்கவில்லை. நான் குத்துச்சண்டை சொல்லிக்கொடுக்கிறவன். எனக்குத் தெரிந்த கணக்கு ஒன்றுதான். சண்டை என்றால் அடி கொடுப்பது பாதி, அடி வாங்குவது பாதி. வாங்குகிற பாதியை வெட்டிவிட்டால் மிச்சமிருப்பது சத்தம்.

எங்களிடம் புதிதாக வருகிற பையனுக்கு எடுத்ததும் குத்தச் சொல்லித் தருவதில்லை. வாங்கச் சொல்லித் தருவோம். தாடையை இறக்கு, தோளை ஏற்று, குத்து வருகிறபோது கண்ணை மூடாதே. மெடிசின் பாலை வயிற்றில் வாங்கப் பழகு. ஒரு பையன் இருந்தான், மின்னல். பயிற்சியில் அவனை ஒருத்தனும் தொட முடியாது. முதல் போட்டியில் மூக்கில் ஒரே ஒரு நேர்க்குத்து. வலியில் அவன் நிற்கவில்லை. ‘என்னையே அடிச்சிட்டானே’ என்ற ஆச்சரியத்தில் நின்றான். அதற்குள் இரண்டாவது குத்து விழுந்துவிட்டது. இப்போது வருகிற மாஸ் படங்களின் நாயகர்கள் எல்லாம் எனக்கு அந்தப் பையனாகத்தான் தெரிகிறார்கள். யாரும் தொட்டதில்லை, ஆகவே எனக்கு நம்பிக்கையும் இல்லை.

ரஜினிக்கு அடி வாங்கத் தெரியாதா? 1995இல் ‘பாட்ஷா’. கம்பத்தில் கட்டிவைத்து ஆனந்தராஜின் ஆட்கள் அடிக்க, வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டு நின்ற மாணிக்கம் யார்? அந்த அடி இல்லாமல், பிறகு தங்கைக்காக அவர் திருப்பி அடித்தபோது தியேட்டர் கூரை பிய்ந்திருக்குமா? துறைமுகக் கதைதான் வேண்டும் என்றால் 1975இல் வந்த ‘தீவார்’. தமிழில் 1981இல் அதே ரஜினி நடித்து ‘தீ’யாக வந்த கதை. அமிதாப் எதிரிகளின் கிடங்குக்குள் போய்க் கதவைப் பூட்டுகிறார், சாவியை எதிரியிடமே வீசுகிறார். நமக்கு ஏன் பதறுகிறது? மாமூல் தரமாட்டேன் என்று சொன்ன கூலிக்காரன் ஒருவன் செத்ததை ஏற்கெனவே பார்த்துவிட்டோம். இவனும் சாகலாம் என்று தெரியும்.

இப்போது ஒரு வேடிக்கை. ‘கூலி’க்குச் சண்டை அமைத்தவர்கள் அன்பறிவ் இரட்டையர்கள். குத்துச்சண்டைப் படமான ‘சார்பட்டா பரம்பரை’க்கு அமைத்தவர்களும் அவர்களே. கே.ஜி.எஃப். படங்களுக்குத் தேசிய விருது வாங்கிய கைகள். ஆகவே ஃபைட் மாஸ்டரைத் திட்டாதீர்கள். மாஸ்டரிடம் எதைக் கேட்கிறோமோ அதைத்தான் தருவார்.

‘சார்பட்டா’ என்றதும் நான் டான்சிங் ரோஸுக்குத்தான் போவேன், மன்னிக்க வேண்டும். அந்தப் படத்தின் நாயகன் கபிலனும் துறைமுகக் கூலிதான். மூட்டை தூக்குகிற தோள் அது. படம் ஆரம்பிக்கிறபோதே வேர்வையோடு பார்த்துவிடுகிறோம். அவனுக்கு எதிரே, எதிரணியான இடியாப்ப பரம்பரையின் ரோஸ் வருகிறான். நடித்தவர் நாடக மேடையிலிருந்து வந்த ஷபீர் கல்லரக்கல். கையைத் தூக்கவே மாட்டான். இரண்டு கையும் இடுப்புக்குக் கீழே தொங்கும். கார்டு கிடையாது. எந்த வாத்தியாரும் பார்த்ததும் பிரம்பை எடுக்கும் நிற்பு அது. ஆனால் கீழே பாருங்கள், அந்தக் கால்! ஒரு கால் ஊன்றுவதற்குள் மற்றது நகர்ந்துவிடும். தோள் ஒரு பக்கம் பொய் சொல்லும், இடுப்பு இன்னொரு பக்கம் பொய் சொல்லும். கபிலன் குத்துகிறான், காற்றைக் குத்துகிறான். மறுபடியும் காற்று. அவன் முகத்தில் வருகிற அவமானம் இருக்கிறதே, ரிங்குக்குள் நின்றவனுக்குத்தான் அது முழுதாகத் தெரியும்.

அந்த நிற்பை நான் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். முகமது அலி 1980இல் சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடினார். முதலமைச்சர் எம்.ஜி.ஆர். வந்திருந்தார். என் அப்பாவும் போனார். அதற்குப் பிறகு பல வருடம், சம்பள நாளில் கொஞ்சம் உற்சாகமாக வந்தால், முற்றத்தில் கையைத் தொங்கவிட்டு அலி மாதிரி ஆடிக் காட்டுவார். அம்மா தலையில் அடித்துக்கொள்வார். ரோஸைப் பார்த்தபோது எனக்கு அந்த முற்றம்தான் கண்ணில் வந்தது.

ரோஸ் சண்டையின் நுணுக்கம் ஒன்றே ஒன்று: கால் தெரிகிறது. ஒளிப்பதிவாளர் முரளியின் கேமரா தலை முதல் பாதம் வரை ஆளை முழுசாகக் காட்டுகிறது. ஸ்லோமோஷன் அதிலும் உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் யார் எங்கே நிற்கிறார், எவ்வளவு தூரம், எந்தப் பக்கம் கயிறு என்று நமக்குத் தெரியும். குத்து பிறப்பது முஷ்டியில் அல்ல, குதிகாலில். குதிகால் எழும்ப, இடுப்பு திரும்ப, கடைசியில்தான் கை போகிறது. காலைக் காட்டினால் குத்து வரப்போகிறது என்று நமக்கும் முன்னாலேயே தெரியும், உடம்பு பதறும். முஷ்டியை மட்டும் குளோசப்பில் காட்டி, அடுத்த கட்டில் நாலு பேர் பறந்தால் என்ன தெரியும்? மறுபடியும் சொல்கிறேன்: கால் தெரிய வேண்டும், நாயகன் அடி வாங்க வேண்டும். கபிலன் அந்த ஆட்டத்தின் தாளத்தைப் பிடிக்கிறவரை வாங்குகிறான். பிறகு அதே இடியாப்ப பரம்பரையின் வேம்புலியிடம் வாங்குகிறான். வாழ்க்கையிடமும் வாங்குகிறான், தொப்பை போட்டு நிற்கிறான். ஆகவே கடைசியில் அவன் ஜெயிக்கும்போது ஜெயித்தது நாம்.

இத்தனைக்கும் அந்தப் படம் தியேட்டருக்கே வரவில்லை. 2021 ஜூலையில், கொரோனா காலத்தில், அமேசான் பிரைமில். திருவொற்றியூரில் ஒரு போன், எட்டு தலை என்று பார்த்தார்கள். உள்ளங்கை அகலத் திரையில் வந்த பயம், அவ்வளவு பெரிய திரையில், அவ்வளவு பெரிய ஸ்பீக்கரில், அனிருத்தின் அத்தனை முழக்கத்தோடு வந்த ‘கூலி’யில் எனக்கு வரவில்லை.

நம்பாதவர்கள் ஒன்று செய்யுங்கள். வீட்டில் ரோஸ் சண்டையைச் சத்தமில்லாமல் ஓட்டுங்கள். இடுப்புக்குக் கீழே மட்டும் பாருங்கள். பிறகு ‘கூலி’யில் உங்களுக்குப் பிடித்த ஏதாவது ஒரு சண்டையை எடுத்து, ரஜினியின் பாதம் எத்தனை தடவை கண்ணில் படுகிறது என்று எண்ணுங்கள். எங்கள் கொட்டகையில் இதற்குப் பந்தயமே நடந்தது. தோற்றவன் எல்லோருக்கும் டீயும் பஜ்ஜியும் வாங்கிக் கொடுத்தான். தீவிர ரஜினி ரசிகன்தான். ‘ஜெயிலர்’ இரண்டாம் பாகத்துக்கு அப்போதே லீவு கேட்டு வைத்துவிட்டான்.