லயத்துப் பூனைக்கும் ஒரு கதை

பொகவந்தலாவையின் இளம் எழுத்தாளர்களே,

பூனைக்கு நம் கதைகள் செய்த அநியாயத்தைப் பேசத்தான் இந்த மேடை ஏறினேன். மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசுப் பாறையைப் பாருங்கள். 7ஆம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பி அங்கே ஒரு பூனையை நிற்க வைத்திருக்கிறான். முன்னங்கால்களைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு அது தவம் செய்கிறது, சுற்றிலும் எலிகள். என்ன அற்புதமான வேலைப்பாடு! ஆனால் வேஷமோ போலிச் சாமியார் வேஷம். பாரதத்தில் தருமனை இழித்துப் பேசத் துரியோதனன் தூதன் உலூகனிடம் சொல்லி அனுப்பியதும் இப்படியொரு பூனையின் கதைதான். பஞ்சதந்திரத்தில் நியாயம் கேட்டு வந்தவர்களையே தின்றுவிட்ட நீதிபதியும் பூனைதான். சினிமாவிலோ, கறுப்புப் பூனை குறுக்கே ஓடினால் போதும், ஏதோ கெட்டது நடக்கப்போகிறது என்று பார்ப்பவர் மனம் பதறிவிடும்.

கம்பர் ஒருவர்தான் அதற்கு மனமிரங்கினார். இராமகதையைப் பாடத் துணிந்த தன்னை, பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடிக்கப் புகுந்த பூனைக்கு ஒப்பிட்டார். கவிச்சக்கரவர்த்தி தனக்கென்று தேர்ந்துகொண்ட இடம் ஐயா அது!

பூனைக் குடும்பத்தில் கறுப்பு நிறத்துக்கு மரியாதை தேடித் தந்தவர் கிப்ளிங். 1894இல் வந்த அவருடைய கதையில், ஒரு காளையை ஈடாகக் கொடுத்து மௌக்ளியின் உயிரைக் காக்கும் பகீரா ஒரு கருஞ்சிறுத்தை. 2016இல் அந்தக் கதை மறுபடி படமாக வந்தபோது நம் பிள்ளைகள் கைதட்டினார்கள். நான்கே வருஷம். 2020 மே மாதம், நல்லதண்ணிப் பக்கம் நிஜமான கருஞ்சிறுத்தை ஒன்று காட்டுப்பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்கில் மாட்டியது. உடவளவைக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்தும் பிழைக்கவில்லை. இன்றைக்கும் நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது.

தம்பிமாரே, தங்கச்சிமாரே, இந்த மலையின் கதையை நீங்கள்தான் எழுத வேண்டும். பெரட்டுக்குப் போகும் அம்மா இருட்டோடு எழுந்து ரொட்டி சுடும்போது, அடுப்படிச் சாம்பலில் சுருண்டு கிடக்கிறதே, அந்தப் பூனையை எழுதுங்கள். ஒரே காம்பராவில் ஏழெட்டுப் பேர் நெருக்கியடித்துப் படுத்தாலும் அதற்கும் கம்பளியில் ஓரம் விட்டுக் கொடுக்கிறோம். மாவு மூட்டைக்கு அதுதான் காவல். அதைச் சாமியாராக்க வேண்டாம், சகுனமாக்க வேண்டாம். பசித்தால் கத்துகிற பூனையாகவே வரட்டும். சுருக்கில் துடித்த சிறுத்தையையும் எழுதுங்கள். காட்டுப்பன்றி ஒரே இரவில் கிண்டிப் போட்ட மரக்கறிப் பாத்தியில், விடிந்ததும் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கும் மனிதனையும் அதே கதையில் எழுதுங்கள்.