அஞ்சினான் புகலிடம்

(மகாவீரர் ஜெயந்தி விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

நால்வகைத் தானங்களை நம் இல்லங்களில் சிறு பிள்ளைகளும் அறிவர். உணவு, அடைக்கலம், மருந்து, நூல் ஆகியவற்றை வழங்குதலே அவை. விழாக்காலந்தோறும் அன்னதானம் குறைவின்றி நடைபெறுகிறது. மருத்துவ முகாம்கள் நடத்தப்பெறுகின்றன. அறநூல்கள் அச்சிடப்பெற்று இலவசமாக வழங்கப்பெறுகின்றன. எஞ்சியிருப்பது அபயதானம். ஓரறிவுயிர் முதலாக எவ்வுயிர்க்கும் தீங்கிழையாமையே அதன் அடிப்படை என்பதை அனைவரும் அறிவர். ஆனால், அஞ்சி நிற்கும் ஒரு மனிதனின் அச்சத்தைப் போக்குவது எவ்வாறு? இவ்வினாவிற்குக் கல்லூரி மாணவன் ஒருவன் தன் அனுபவத்தால் கண்ட விடையே இவ்வுரையின் பொருள்.

அம்மாணவன் வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூரில் பிறந்தவன். சென்னையில் வணிகவியல் இரண்டாம் ஆண்டு பயின்றவன். நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர்ந்த மாணவர், ஆண்டிற்கு 120 மணி நேரம் வீதம் ஈராண்டுகளில் 240 மணி நேரம் தொண்டாற்ற வேண்டும். அக்கணக்கை நிறைவு செய்யவே அவன் வீடற்றோர்க்கான அறக்கட்டளை ஒன்றில் சேர்ந்தான். தொண்டுள்ளம் அவனை அழைத்துச் செல்லவில்லை. வருகைப் பதிவேடே அழைத்துச் சென்றது. இதனைப் பின்னாளில் அவனே மறையாது கூறினான்.

அவ்வறக்கட்டளையினர் மாநகராட்சிக் கட்டடம் ஒன்றில் ஆடவர்க்கான இரவுப் புகலிடத்தை நடத்தி வந்தனர். இரவு பத்து மணிக்குமேல் சிறு குழுக்களாகப் பிரிந்து மேம்பாலங்களின் அடியிலும், இரயில் நிலைய வாயில்களிலும், மூடிய கடைகளின் படிகளிலும் உறங்குவோரைக் கண்டு பேசுவது அவர்களது வழக்கம்.

இத்தகைய மக்கள் நம் நாட்டில் எத்தனை பேர்? 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், பிப்ரவரி 28ஆம் நாள் இரவு வீடற்றோர் தனியே எண்ணப்பெற்றனர். நாடு முழுவதும் 17 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் அவ்வாறு கணக்கில் வந்தனர். அவர்களுள் பாதிக்கும் மேற்பட்டோர் நகரங்களில் வாழ்ந்தவர்கள். ஓரிடத்தில் நிலையாக உறங்காதவர்களை ஒரே இரவில் எண்ணி முடிப்பது எளிதன்று. எண்ணிக்கையில் விடுபட்டோரும் உண்டு என்பதைச் சொல்லத் தேவையில்லை.

முதல் இரவு புறப்படும் முன் அம்மாணவனுக்கு ஒரு தயக்கம் எழுந்தது. அவன் பொழுது சாய்ந்தபின் உண்ணாத வீட்டுப் பிள்ளை. இரவில் உண்ணாதவன் இரவில் பிறர்க்குச் சோறு கொண்டு செல்லலாமா? ஊரிலிருந்த பாட்டியிடம் தொலைபேசியில் கேட்டான்.

"நீ சாப்பிட்டாயா?" என்றார் பாட்டி.

"பொழுதோடு சாப்பிட்டுவிட்டேன், பாட்டி."

"நீ உண்ணாதிருப்பது விரதம், கண்ணு. அவர்கள் உண்ணாதிருப்பது பட்டினி. இரண்டையும் ஒன்றாக்காதே. போய் வா" என்றார்.

நாற்பது உணவுப் பொட்டலங்களுடன் அவன் புறப்பட்டான். ஒரு மேம்பாலத்தின் அடியில், தூணில் சாய்ந்தவாறு முதியவர் ஒருவர் அமர்ந்திருந்தார். துணிப்பை ஒன்றை மார்போடு அணைத்திருந்தார். மாணவன் பொட்டலத்தை நீட்டினான். அவர் வாங்கவில்லை.

"சாப்பாடு முன்பே இரண்டு பேர் கொடுத்துவிட்டுப் போனார்கள், தம்பி. கொஞ்ச நேரம் இங்கே உட்கார்ந்திருப்பாயா? இந்தப் பையைப் பார்த்துக்கொண்டால் நான் சற்றே கண்ணயர்வேன்" என்றார்.

மாணவன் திகைத்தான். கொடுக்க வந்ததை ஒருவர் வேண்டாமென்பார் என்று அவன் எண்ணியதில்லை. குழுத்தலைவர் தலையசைத்தார். அவன் அமர்ந்தான். முதியவர் பையைத் தலைக்கருகில் வைத்துவிட்டுப் படுத்த சில நொடிகளில் உறங்கிப் போனார். ஏறத்தாழ இரண்டு மணி நேரம் அவன் அங்கே அமர்ந்திருந்தான். பாலத்தின்மேல் செல்லும் ஒவ்வொரு லாரிக்கும் தூண் அதிர்ந்தது. குடித்துவிட்டு வந்த இருவர் நின்று பார்த்துவிட்டு, அருகில் ஆள் இருப்பது கண்டு அகன்றனர். தெருவில் உறங்குவோர்க்குப் பசியைவிட இரவுதான் பெரும் பகை என்பது அன்று அவனுக்கு விளங்கியது. திருடர்க்கு அஞ்ச வேண்டும். தறிகெட்டு வரும் வாகனத்திற்கு அஞ்ச வேண்டும். எழுந்து போகச் சொல்பவர்க்கும் அஞ்ச வேண்டும். அவர் பல நாள் விழித்திருந்திருக்கிறார். அவர் வேண்டியது சோறன்று; காவல்.

அடுத்த வாரம் அம்மாணவன் ஒரு பிழை செய்தான். அம்முதியவருக்குப் போர்வை ஒன்றைக் கொடுக்கும்பொழுது நண்பனிடம் கைப்பேசியைத் தந்து படம் எடுக்கச் சொன்னான். விளக்கொளி பட்டதும் முதியவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதற்கடுத்த வாரம் அவர் அவ்விடத்தில் இல்லை.

மூன்று வாரங்கள் மாணவன் அவரைத் தேடினான். தம் உற்றார் காணக்கூடாது என்பதற்காகவே ஊரைவிட்டு வந்தோர் தெருவில் பலருண்டு என்பதைக் குழுத்தலைவர் அப்பொழுதுதான் அவனுக்கு விளக்கினார். கடன், நோய், குடும்பப் பூசல், மனநலக் குறைவு எனக் காரணங்கள் வேறுபடலாம். ஆயினும் முகத்தை மறைக்கும் உரிமை ஒன்றே அவர்களிடம் எஞ்சியுள்ள உடைமை. ஒரு போர்வையைத் தந்து அவ்வுடைமையைப் பறித்துக்கொண்டதை மாணவன் உணர்ந்தான். எடுத்த படத்தை அழித்தான். 'முதல் மூன்று சந்திப்பில் கேள்வி கேட்காதே. பெயரைக்கூட அவரே சொல்லட்டும்' என்பது அக்குழுவினரின் நெறி. அதனை அதுவரை அவன் வெறும் விதியாக எண்ணியிருந்தான்.

நான்காம் வாரம் இரயில் நிலையம் ஒன்றின் வெளிப்புறத்தில் அவரைக் கண்டான். மன்னிப்புக் கேட்டான். அவர் விடை கூறவில்லை. ஆனால் பையைத் தலைக்கருகில் வைத்துவிட்டுப் படுத்தார். மாணவன் பக்கத்தில் அமர்ந்தான்.

புகலிடத்திற்கு வருமாறு அழைத்தபொழுதெல்லாம் அவர் மறுத்தார். முன்பொரு முறை யாரோ வண்டியில் ஏற்றிச் சென்று ஓரிடத்தில் அடைத்து வைத்தனராம். "உள்ளே போனால் வெளியே விடுவார்களா?" என்பதே அவரது கேள்வி. ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஓர் இரவில்தான், "கதவு பூட்டமாட்டீர்கள் அல்லவா?" என்று மும்முறை கேட்டுவிட்டு உடன் வந்தார்.

இத்தகைய புகலிடங்கள் அரசின் கருணையால் மட்டும் தோன்றியவை அல்ல. உணவுரிமை குறித்து 2001ஆம் ஆண்டு தொடரப்பெற்ற பொதுநல வழக்கில், நகர மக்கள்தொகையில் ஓர் இலட்சம் பேர்க்கு ஒன்று வீதம், இரவும் பகலும் ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் புகலிடங்கள் அமைய வேண்டுமென உச்ச நீதிமன்றம் 2010ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது. பின்னர் வந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் நெறிமுறைகள், ஒருவர்க்குக் குறைந்தது 50 சதுர அடி இடம் வேண்டும் என்றன. சென்னையில் மாநகராட்சி, தொண்டு நிறுவனங்களின் துணையோடு ஆடவர், மகளிர், சிறார், மனநலம் குன்றியோர், அரசு மருத்துவமனை நோயாளிகளுடன் வருவோர் ஆகியோர்க்குத் தனித்தனியே இவற்றை நடத்துகிறது. சட்டம் கட்டடத்தைத் தரும். அக்கட்டடத்திற்குள் அஞ்சாது அடியெடுத்து வைக்கும் நம்பிக்கையை மனிதர்தான் தர வேண்டும்.

புகலிடத்தில் முதியவர்க்கு ஒரு பாய், போர்வை, பூட்டுடன் கூடிய சிறு பெட்டி ஆகியன கிடைத்தன. பெட்டியின் சாவி அவரிடமே கொடுக்கப்பெற்றது. எனினும் பல நாள் அவர் பையைப் பெட்டியில் வைக்கவில்லை. தலைக்கடியில் வைத்தே உறங்கினார். மாணவன் வாரந்தோறும் சென்று, அங்குள்ளோர்க்கு விண்ணப்பங்கள் எழுதித் தந்தான். முகவரி இல்லாதவர்க்கு அடையாள அட்டை இல்லை. அட்டை இல்லாதவர்க்கு முதியோர் உதவித்தொகை இல்லை, வங்கிக் கணக்கும் இல்லை. ஏற்பளிக்கப்பெற்ற புகலிடத்தின் பொறுப்பாளர் தரும் சான்றினைக் கொண்டு ஆதார் அட்டை பெற வழியுண்டு. அவ்வழியில் அம்முதியவர்க்கும் அட்டை வந்தது. அதில் தம் பெயரின்கீழ் ஒரு முகவரி அச்சாகியிருப்பதை அவர் விரலால் தடவித் தடவிப் பார்த்தார்.

தை மாதத்தில் ஒரு நாள் காலை அவரைக் காணவில்லை. எவரிடமும் சொல்லாமல் சென்றுவிட்டார். மாணவன் மனம் உடைந்தான். "இத்தனை மாத உழைப்பும் வீணாகிவிட்டதே, ஐயா! கதவைப் பூட்டியிருந்தால் போயிருக்கமாட்டாரே" என்றான்.

பொறுப்பாளர் அமைதியாகச் சொன்னார்: "பூட்டியிருந்தால் அவர் வந்தே இருக்கமாட்டார், தம்பி. அவருடைய பெட்டியைப் போய்ப் பார்."

பெட்டி பூட்டியிருந்தது. அதன் கம்பி வலையின் வழியே அந்தத் துணிப்பை தெரிந்தது. பாலத்தின் அடியிலும் மழையிலும் கைவிடாத பையை முதல் முறையாக அவர் விட்டுச் சென்றிருந்தார்.

ஒன்பதாம் நாள் அவர் திரும்பினார். எங்கே சென்றார் என்று அவர் சொல்லவில்லை, மாணவனும் கேட்கவில்லை. "வாங்க ஐயா, சாப்பிட்டீர்களா?" என்று மட்டும் கேட்டான்.

120 மணி நேரம் என்றோ முடிந்திருந்தது. அவன் அதனைக் கணக்கிடுவதை நிறுத்திவிட்டிருந்தான்.

அன்பர்களே! பழந்தமிழகக் கல்வெட்டுகளில் 'அஞ்சினான் புகலிடம்' என்றொரு தொடர் காணப்பெறுகிறது. அஞ்சி ஓடி வந்தோர்க்கு அடைக்கலம் தரும் இடம் என்பது அதன் பொருள். ஆராய்ச்சி அறிஞர் மயிலை சீனி. வேங்கடசாமி 'சமணமும் தமிழும்' என்னும் நூலில் இதனைச் சமணரின் அபயதானத்தோடு இணைத்து விளக்கியுள்ளார். அத்தொடரில் பசித்தான் என்றோ, வறியான் என்றோ சொல் அமையவில்லை. அஞ்சினான் என்றே அமைந்துள்ளது. நம் முன்னோர் அச்சத்தையும் ஒரு வறுமையாகக் கண்டனர். அம்மாணவன் மேம்பாலத்தின் அடியில் கண்டதும் அதுவே.

அன்னதானத்தைக் குறைத்துக் கூறுவது இவ்வுரையின் நோக்கமன்று. பசித்தவர்க்குச் சோறே முதல் மருந்து. ஆயினும் விழா நாளில் ஒரே தெருவில் மூன்று குழுவினர் உணவு வழங்குகின்றனர். மறுநாள் இரவு அத்தெருவில் எவரும் இல்லை. ஒரு நாள் கூடுதலாக வழங்கும் பொட்டலத்திற்கு மாற்றாக, மாதம் ஓர் இரவை ஒரு குடும்பம் வழங்கலாம். அருகிலுள்ள புகலிடம் எது என்று அறிந்து, சோப்பும் துண்டும் மாற்றுடையும் கொடுத்து உதவலாம். எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் விண்ணப்பங்களை நிரப்பித் தரலாம். கடை வைத்திருப்போர், படியில் உறங்குபவரை விரட்டுமுன் அவர் பெயரை அறிந்துகொள்ளலாம். கொடுக்கும்பொழுது படம் எடுக்காமல் இருக்கலாம். இவற்றுள் கடைசியானதற்குப் பொருட்செலவே இல்லை.

அம்மாணவன் அண்மையில் ஊருக்குச் சென்றபொழுது, "அங்கே என்னதான் கொடுக்கிறாய்?" என்று பாட்டி கேட்டார். அவன் சற்று எண்ணிவிட்டு, "பெரிதாக ஒன்றுமில்லை, பாட்டி. அவர்கள் தூங்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்" என்றான்.

பாட்டி அவன் தலையைத் தடவிக் கொடுத்தார். அபயதானம் என்ற சொல்லை அவனும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை.

அச்சமின்றி எவ்வுயிரும் உறங்குக! அறம் வளர்க!