காற்றை ஆளும் கைப்பழக்கம்



புறநானூற்றின் 66ஆம் பாடலை நம்மிற் பலர் பாடசாலை நாட்களிலேயே அறிந்திருப்போம். வெண்ணிப் போரில் வென்ற கரிகாலனை நோக்கி வெண்ணிக்குயத்தியார் பாடியது அது. வென்ற உன்னைவிட, முதுகிற்பட்ட புண்ணுக்கு நாணி வடக்கிருந்தவன் நல்லவனல்லவா என்று மன்னனையே கேட்கும் துணிவால் அது புகழ்பெற்றது. வகுப்பறையிலும் அந்த முடிவே பெரிதும் பேசப்படும். இன்று நாம் அதன் தொடக்கத்திற் சற்று நிற்போம். கரிகாலனின் முன்னோன் ஒருவன் பெருங்கடலில் மரக்கலம் செலுத்தியபோது, காற்றின் தொழிலை அறிந்து அதனை ஆண்டான் என்கிறார் புலவர். காற்றைத் தடுத்தான் என்றோ எதிர்த்து வென்றான் என்றோ அவர் கூறவில்லை.

அந்த ஆட்சி எப்படிக் கைவரும்? சிறு பாய்ப்படகு ஒன்று இதற்கு விடை சொல்லும். எந்தப் பாய்ப்படகும் காற்றடிக்கும் திசைக்கு நேரெதிராகச் செல்லாது. ஏறத்தாழ 45 பாகை விலகி, வலமும் இடமுமாக மாறி மாறித் திரும்பியே எதிர்க்கரையை அடைய வேண்டும். ஒரு கை சுக்கானில். மறு கை பாயின் கயிற்றில். உடலின் பாரமோ படகு சாயாதிருக்க எதிர்ப்பக்கத்தில். இம்மூன்றையும் ஒரே கணத்தில் செய்யப் புத்தகம் கற்றுத்தராது.

கற்றுத்தருவது வாரந்தோறும் கூடும் கழகம். இமயமலைச் சாரலிலுள்ள நைனித்தால் ஏரியில் 1910ஆம் ஆண்டு முதல் பாய்ப்படகுக் கழகம் இயங்கிவருகிறது. சென்னையில் 1911இல் தொடங்கிய கழகம் உண்டு. நம் நாட்டில் பொல்கொட ஏரிக்கரையிலும் இத்தகைய கழகம் உண்டு. இருவர் செலுத்தும் படகில் பழகியவர் ஒருவர் சுக்கானைப் பிடிப்பார். புதியவர் முன்பாயைக் கவனிப்பார். பிறகு இடம் மாறிக்கொள்வார்கள். இரண்டு மிதவைகளைச் சுற்றி வருவதே ஒரு நாளைய வேலையாக இருக்கலாம். மிதப்பு அங்கி அணிந்து, வேண்டுமென்றே படகைக் கவிழ்த்து, மீண்டும் நிமிர்த்துவதும் ஒரு பாடம். கவிழ்ந்தால் என்னவாகும் என்பதை அறிந்தவனிடம் பயம் தங்குவதில்லை. பயம் நீங்கிய கைதான் கயிற்றின் இழுவையை உணரும். நீர்ப்பரப்பிற் கருமையான சிற்றலைகள் ஓடிவந்தால் பின்னாலே பலத்த காற்று வருகிறதென்று கண் தானே அறிந்துகொள்ளும்.

இதில் அவசரமில்லை; பரிசுமில்லை. ஆயினும் இது சோம்பலன்று. இந்த வாரத்துக் காற்று அடுத்த வாரம் வீசாது. ஆகவே ஒரே ஏரி ஒவ்வொரு முறையும் வேறொரு பாடத்தை வைக்கிறது. சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன் 2009இல், தம் பன்னிரண்டாவது வயதில், ஒரு கோடைக்கால முகாமிற்றான் பாய்ப்படகில் முதலில் ஏறினார். 2021இல் நடைபெற்ற தோக்கியோ ஒலிம்பிக்கிற்குப் பாய்ப்படகோட்டத்திற் தகுதிபெற்ற முதல் இந்தியப் பெண் அவரே. பெரிய வெற்றிகளும் விளையாட்டாகவே தொடங்கக்கூடும்.

நம்மவருக்கு இக்கலை அந்நியமுமன்று. வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பலை அமெரிக்கர் ஒருவர் வாங்கினார். 1937இல் அங்கிருந்து புறப்பட்ட அக்கப்பலை அவ்வூர் மாலுமிகளே செலுத்தி, 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்திற் சேர்த்தார்கள். சிறு வயது முதல் கடலிற் பழகிய கைகள் அவை.

மலையகத்திலோ நிலைமை வேறு. றொசல்லவிலிருந்து தொலைவில்லாத காசல்ரி நீர்த்தேக்கம் 1965இலும், மவுசாக்கலை 1969இலும் நிறைவுற்றன. மவுசாக்கலையின் நீருக்குள் பழைய மஸ்கெலியா நகரமே மூழ்கியது. வரட்சியில் நீர் வற்றும்போது பழைய கோயிலின் கற்கள் இன்னமும் தலைகாட்டுகின்றன. அந்நீரிற் பிறந்த மின்சாரம் நாடெங்கும் ஒளி தந்தது. ஆனால் அதன் கரையில் வளரும் தோட்டப் பிள்ளைக்கு நாம் சொல்லிக்கொடுத்திருப்பது, "தண்ணிப் பக்கம் போகாதே" என்ற ஒரு வாக்கியம் மட்டுமே. அந்த எச்சரிக்கை தேவைதான். தனியே இறங்கினால் உயிர் போகும். ஆனால் எச்சரிக்கை கல்வியாகாது. நீச்சலும் மிதப்பு அங்கியும் பழகிய வழிகாட்டியும் அனுமதியும் இருந்தால், அதே நீர் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமாகும்.

நம் கல்வி முழுவதும் பரீட்சை என்ற ஒரே காற்றுக்கு நேரெதிராகப் படகை ஓட்டப் பார்க்கிறது. அப்படி ஓட்டினால் பாய் படபடக்கும், படகு நகராது. வாரத்தில் ஒரு மாலை, புள்ளிகளைப் பற்றிய கவலையின்றி ஒரு பாட்டையோ ஒரு கைத்தொழிலையோ பிள்ளைகளோடு பழகிப் பாருங்கள். சற்று விலகிச் செல்வதாகத் தோன்றும். எதிர்க்கரைக்குப் போகும் வழியும் அதுதான்.