கரும்பலகை தெரியாத பிள்ளையை மக்கு என்று சொல்லாதீர்!

(திருவொற்றியூரில் தொழிலாளர் குடும்பங்களின் கூட்டமொன்றில் பேசியது)



கூலியைப் பற்றியும் போனஸைப் பற்றியும் பேசுவோம் என்று எண்ணி வந்திருப்பீர்கள். இன்று நாம் பேசப்போவது நம் பிள்ளைகளின் கண்ணைப் பற்றி. இதுவும் கூலிப் பிரச்னைதான். எப்படி என்று சொல்கிறோம்.

நம் பகுதியில் ஒரு லோடுமேன் தோழர். அவர் மகன் ஏழாவது படித்தான். கடைசி பெஞ்சு. போர்டில் எழுதுவதைப் பக்கத்துப் பையனின் நோட்டைப் பார்த்து எழுதுவான். "காப்பி அடிக்கிறான்" என்று அடி விழும். கணக்கில் எப்போதும் பூஜ்யம். தகப்பனார் நம்மிடம் யோசனை கேட்டார். நாம் என்ன சொன்னோம்? "படிப்பு ஏறவில்லை; லேத் பட்டறையில் விடுங்கள், தொழிலாவது கற்றுக்கொள்ளட்டும்" என்றோம்.

பையன் பட்டறைக்குப் போனான். இரண்டு மாதம் கழித்து அவன் படித்த பள்ளியில் கண் பரிசோதனை நடந்தது. அவன் அங்கே இல்லை! கடைசியில் பட்டறை மேஸ்திரிதான் கண்டுபிடித்தார். எதிரே வந்த பஸ்ஸின் நம்பரைக் கேட்டார், பையனுக்குத் தெரியவில்லை. ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். கண்ணாடி போட்ட அன்று மாலை பையன் கடற்கரையில் நின்று, "தினமும் இத்தனை கப்பலா நிற்கிறது?" என்று கேட்டானாம்.

அந்தப் பிள்ளை மக்கு அல்ல. அவனுக்குப் போர்டு தெரியவில்லை, அவ்வளவுதான். அவன் படிப்பு நின்றதில் நமக்கும் பங்கு உண்டு. அதை ஒளிக்காமல் சொல்லத்தான் இங்கே நிற்கிறோம்.

கண்ணில் என்ன நடக்கிறது?

கிட்டப்பார்வை உள்ள பிள்ளைக்குக் கண்விழி கொஞ்சம் நீண்டுவிடுகிறது. தூரத்துப் பொருளின் உருவம் விழித்திரையில் விழாமல் அதற்கு முன்னாலேயே விழுகிறது. ஆகவே புத்தகம் தெரியும், போர்டு தெரியாது. கொஞ்சம் கொஞ்சமாக மங்குவதால் பிள்ளைக்கே அது குறை என்று தெரிவதில்லை. எல்லோருக்கும் உலகம் இப்படித்தான் தெரிகிறது என்று நினைத்துக்கொள்கிறது. தக்க கண்ணாடி உருவத்தைச் சரியான இடத்தில் விழச் செய்கிறது. ஆபரேஷன் இல்லை, ஊசி இல்லை.

"சின்ன வயதில் கண்ணாடி போட்டால் கண் கெட்டுவிடும்" என்பார்கள். தவறு. "கீரை தின்றால் பவர் இறங்கிவிடும்" என்பார்கள். அதுவும் தவறு. முருங்கைக்கீரை மாலைக்கண் வராமல் காக்கும், கட்டாயம் கொடுங்கள். ஆனால் கண்ணாடி செய்யும் வேலையைக் கீரை செய்யாது. மாறுகண் இருந்தாலும், கருவிழியின் நடுவே வெள்ளையாகத் தெரிந்தாலும் ஒரு நாளும் தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். ஒரு கண் மட்டும் மங்கியிருந்தால், அதைச் சின்ன வயதிலேயே கவனிக்காவிட்டால் பிறகு கண்ணாடி போட்டாலும் முழுப் பார்வை திரும்புவது கடினம்.

திட்டம் இருக்கிறது, பிள்ளை கையில் சேர்ந்ததா?

சென்னைக்குக் கண் வைத்தியம் புதிதல்ல. எழும்பூர் கண் ஆஸ்பத்திரி 1819ல் தோன்றியது. பார்வையிழப்புத் தடுப்புக்கான தேசியத் திட்டம் 1976ல் வந்தது. பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்து இலவசக் கண்ணாடி கொடுப்பதும் அதில் சேர்ந்தது. தமிழ்நாட்டில் 2009ல் 'கண்ணொளி காப்போம்' திட்டம் தொடங்கியது. 2013ல் வந்த மத்திய சர்க்காரின் சிறார் நலத் திட்டத்தில், 18 வயது வரை உள்ளவர்களைச் சோதிக்க வைத்தியக் குழு வண்டியில் வருகிறது. இவையெல்லாம் தர்மம் அல்ல. நாம் வாங்கும் பார்வைக் கண்ணாடிக்கே 2017 முதல் 12 சதவீதம் ஜி.எஸ்.டி. கட்டினோம், 2025 செப்டம்பர் 22 முதல்தான் அது 5 சதவீதம் ஆயிற்று. நம் பணம் நம் பிள்ளைக்கு வருகிறது. வாங்கிக்கொள்ள வெட்கம் எதற்கு?

சீனாவின் கான்சு, ஷான்சி மாகாணங்களில் 250க்கு மேற்பட்ட பள்ளிகளில் நடத்திய ஆய்வு ஒன்று 2014ல் வெளியாயிற்று. இலவசக் கண்ணாடி கிடைத்த பிள்ளைகள் கணக்கில் முன்னேறினார்கள். ஆனால் கல்வியாண்டு முடிவில் போய்ப் பார்த்தபோது, அவர்களில் கண்ணாடி அணிந்திருந்தவர்கள் பாதிக்கும் குறைவு! கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கக்கூடாது என்பதே பாடம்.

நம் தெருக்களிலும் அதே கதைதான். "நாலு கண்ணன்" என்ற கேலி. உடைந்தால் மாற்று இல்லை. பெண் பிள்ளையானால், "கண்ணாடி போட்டால் யார் கட்டிக்கொள்வான்?" என்ற பேச்சு. பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தால், இறால் உரிக்கும் தாய்க்கு ஒரு நாள் கூலி போகும்; அதனால் சீட்டு பெட்டியிலேயே கிடக்கும். கூலிப் பிரச்னை என்று சொன்னோமே, அது இதுதான். பார்வை மங்கிப் படிப்பை விட்டவன் வாழ்நாள் முழுதும் ஹெல்பர் கூலியிலேயே நிற்கிறானே, அதுவும்தான்.

என்ன செய்வது?

பிள்ளையை வாசலில் நிறுத்துங்கள். ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடச் சொல்லி, தூரத்துக் கடைப் பலகையை வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு மறு கண். இது டாக்டர் சோதனை ஆகாது, சந்தேகத்தைக் காட்டும். பள்ளியில் 6 மீட்டர் தூரத்தில் அட்டை வைத்துச் சோதிப்பார்கள். எழுத்துத் தெரியாத பிள்ளைக்கும் அதற்கான அட்டை உண்டு. அந்த நாளை முன்கூட்டியே கேட்டு வையுங்கள். அன்று பிள்ளை பள்ளியில் இருக்கட்டும். பிளாட்பாரத்தில் ரெடிமேட் கண்ணாடி வாங்கிக் கொடுக்காதீர்கள். உடம்பு வளர வளர பவரும் மாறும். ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி பாருங்கள்.

நமது கோரிக்கைகள் ஐந்து. சோதனை ஆண்டு தவறாமல் நடக்கவேண்டும். அன்று வராத பிள்ளைக்கு இன்னொரு நாள் வேண்டும். பள்ளியை விட்ட பிள்ளையையும் சேர்க்கவேண்டும். அளவெடுப்பதும் கண்ணாடி கொடுப்பதும் பள்ளியிலேயே நடக்கவேண்டும். உடைந்தால் மாற்றுக் கண்ணாடி தரவேண்டும்.

சங்கத் தோழர்களே! காசிமேடு முதல் எண்ணூர் வரை தெருத் தெருவாகப் போவோம். பள்ளியை விட்ட பிள்ளைகளின் பெயர்களை நோட்டில் எழுதுவோம். ஸ்டான்லிக்கோ எழும்பூருக்கோ முறை போட்டு நாமே அழைத்துப் போவோம். அந்த லோடுமேன் தோழரின் மகனை மறுபடி பள்ளியில் சேர்க்க நாளைக் காலை நாங்கள் போகிறோம். உங்களில் நாலு பேர் கூட வாருங்கள்!