கார் சார்ஜ் பாயிண்ட்: என் தப்பும் அதற்குப் பிறகு தெரிந்துகொண்டதும்

(சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியது. பேச்சு நடையை அதிகம் மாற்றாமல் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.)



செயலாளர் என்னைப் பத்து நிமிடம் பேசச் சொன்னார். நம் ஸ்டில்ட் பார்க்கிங்கில் இப்போது நான்கு மின்சாரக் கார்கள் நிற்கின்றன. மூன்று பேர் புக் செய்திருப்பதாகச் சொல்கிறார்கள். நான் பி.காம். படித்துவிட்டு வங்கியில் கிளார்க்காக இருந்தவன். எனக்குக் கணக்கு தெரியும், கரண்ட் தெரியாது. அப்படிப்பட்டவன் ஏன் பேசுகிறான் என்று கேட்பீர்கள். இந்த விஷயத்தில் நம் கட்டடத்தில் முதலில் தப்பு செய்தவன் நான்தான். அதனால்தான் பேசுகிறேன்.

என் கார் வந்த அன்று அதோடு ஒரு கையடக்கச் சார்ஜரும் கொடுத்தார்கள். சாதாரண 16 ஆம்பியர் பிளக். என் பார்க்கிங் தூணில், கட்டடம் கட்டும்போதே வைத்த ஒரு பிளக் பாயிண்ட் இருந்தது. பொது மீட்டரில் ஓடும் லைன். அதில் செருகினேன். சார்ஜரில் சிவப்பு விளக்கு மினுக்கியது, கார் சார்ஜ் ஆகவில்லை. (பொது மீட்டராயிற்றே என்று சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. ஓடிய யூனிட் ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதிவைத்து சங்கத்துக்குப் பணம் கட்டிவிட்டேன். பொருளாளரிடம் ரசீது இருக்கிறது.)

ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். பார்த்தவர், "எர்த் வரலை சார். உங்க சார்ஜர் ரொம்ப கறாரா இருக்கு. ஒரு துண்டு ஒயர் போட்டா போதும்" என்றார். சாக்கெட்டைக் கழற்றி, நியூட்ரலுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவே விரல் நீள ஒயர் ஒன்றை மாட்டினார். பச்சை விளக்கு எரிந்தது. இருநூறு ரூபாய் கொடுத்து அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்ததே என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

ஒன்றரை மாதம் ஒரு குறையும் இல்லை. ஒருநாள் காலை ஆறு மணிக்கு நம் வாட்ச்மேன் கதவைத் தட்டினார். காரைத் துடைக்க வாளியில் தண்ணீரோடு போயிருக்கிறார். வெறுங்கால், ஈரத் தரை. ஈரத் துணியோடு கார்க் கதவைத் தொட்டதும் தூக்கிப்போட்டிருக்கிறது. "சார், உங்க காரு கடிக்குது" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

அன்று கீழே போய் மெயினை அணைத்துவிட்டு மேலே வந்தபோது என் மனைவி கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அவர் பசங்களுக்கு நீங்க என்ன பதில் சொல்லியிருப்பீங்க?"

அடுத்து வந்தவர் லைசென்ஸ் வைத்திருக்கும் கான்ட்ராக்டர். நடந்தது என்னவென்று அவர்தான் தாளில் படம் போட்டு விளக்கினார். அந்த லைனில் ஒரு டியூப் லைட்டும் இருந்தது. ஜங்ஷன் பாக்ஸில் நியூட்ரல் ஒயரின் முறுக்கு தளர்ந்து விட்டுப்போய்விட்டது. பேஸ் கரண்ட் டியூப் லைட் வழியாக வந்து, திரும்பிப் போக வழியில்லாமல் நியூட்ரலில் நின்றது. அந்த நியூட்ரலைத்தான் நாங்கள் ஒரு துண்டு ஒயரால் எர்த் பின்னோடு கட்டியிருந்தோம். எர்த் பின் நேராகக் காரின் உடம்புக்குப் போகிறது. டயர் ரப்பர் என்பதால் கார் சும்மா நின்றது. வாட்ச்மேன் தொட்டதும் அவர் வழியாகத் தரைக்குப் போனது.

"டிரான்ஸ்பார்மரில் நியூட்ரலும் எர்த்தும் ஒன்றாகத்தானே இருக்கிறது?" என்று பழைய எலக்ட்ரீஷியன் பிறகு வாதாடினார். உண்மைதான். அங்கே அந்த இணைப்பு மண்ணுக்குள் இறங்கியிருக்கிறது. உங்கள் தூணில் இருக்கும் சாக்கெட்டில் அப்படி எதுவும் இல்லை. நடுவில் ஒரு ஒயர் அறுந்தால், பாதுகாப்புக்கு வைத்த பின்னே ஷாக் கொடுக்கும் பின்னாக மாறிவிடும். வங்கிப் பாஷையில் சொன்னால், டெபாசிட்டர் பணத்தையும் கிளார்க் பாக்கெட்டையும் ஒரே டிராயரில் வைத்ததுபோல. கணக்கு சரியாக இருக்கும்வரை யாருக்கும் தெரியாது.

ஆகவே முதல் விஷயம். சார்ஜரில் சிவப்பு விளக்கு வந்தால் சார்ஜர் கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். நம் கட்டடத்தின் குறையை அது சொல்கிறது. எர்த் குழியிலிருந்து உங்கள் சாக்கெட் வரை பச்சை ஒயர் அறுபடாமல் வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். நம் கட்டடத்தில் பல தூண்களில் பச்சை ஒயர் பாக்ஸ் வரை வந்து, முனை வெட்டாமலே சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. எர்த் குழிக்குக் கோடையில் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பதையும் நாம் மறந்தே போயிருந்தோம். இப்போது தோட்டக்காரரிடம் சொல்லியிருக்கிறது.

இரண்டாவது, இந்த லோடின் குணம். "கீசருக்கும் 16 ஆம்பியர் பிளக்தானே, இதற்கென்ன?" என்று நானும் கேட்டேன். கீசர் கால் மணி நேரம் ஓடித் தானாக நிற்கும். கார் 14, 15 ஆம்பியரை இரவு முழுக்க, எட்டு ஒன்பது மணி நேரம், ஒரே சீராக இழுக்கும். சாக்கெட்டின் பிடி தளர்ந்து அந்த இடத்தில் பத்தில் ஒரு பங்கு ஓம் தடை இருந்தாலே 15 ஆம்பியரில் 22 வாட் சூடு. கிட்டத்தட்ட ஒரு சால்டரிங் அயர்னைப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து விடிய விடிய எரிப்பதுபோல. கரண்ட் இரண்டு மடங்கானால் சூடு நாலு மடங்காகும். கூட்டு வட்டியைவிட மோசம். எம்.சி.பி. இதைத் தடுக்காது, ஏனென்றால் ஓடும் ஆம்பியர் அளவுக்குள்தான் இருக்கிறது. சார்ஜ் போட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பிளக் தலையை வெளிப்புறமாகத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு இருந்தால் நிறுத்திவிடுங்கள். சாக்கெட்டை மாற்ற வேண்டும்.

ஒயரின் தடிமனும் அப்படியே. மீட்டர் ரூமிலிருந்து என் பார்க்கிங் 45 மீட்டர். போக வர 90 மீட்டர். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் 14 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே சுமார் 120 வாட் வீணாகும். ஒரு இரவுக்கு ஒரு யூனிட். அதையே 6 சதுர மில்லிமீட்டரில் இழுத்தால் சுமார் 50 வாட்டோடு அடங்கிவிடும். நான் 6 போட்டேன். விலை கூடுதல்தான். ஆனால் நாளை 7.2 கிலோவாட் சார்ஜர் வைத்தால், அதாவது 32 ஆம்பியர், மறுபடி சுவரில் ஏற வேண்டியதில்லை. அந்தப் பெரிய சார்ஜர் வைப்பதற்கு முன் உங்கள் அனுமதிக்கப்பட்ட லோடு எவ்வளவு என்று ஈ.பி. கார்டில் பாருங்கள். போதாவிட்டால் கூட்டச் சொல்லி விண்ணப்பித்துவிட்டுத்தான் வைக்க வேண்டும்.

மத்திய மின்சார ஆணையம் சார்ஜிங் நிலையங்களுக்காக 2019இல் சேர்த்த விதிகள் சில இருக்கின்றன. நாம் நிலையம் நடத்தவில்லை. ஆனாலும் அவற்றை அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. ஒவ்வொரு சார்ஜிங் பாயிண்ட்டுக்கும் தனி லைன். 30 மில்லி ஆம்பியரில் விழும் ஆர்.சி.சி.பி., அதுவும் ஏ வகை. கடையில் சும்மா கேட்டால் ஏ.சி. வகையை எடுத்துக் கொடுப்பார்கள், மேலே போட்டிருக்கும் குறியைப் பார்த்து வாங்குங்கள். சாக்கெட் தரையிலிருந்து குறைந்தது 800 மில்லிமீட்டர் உயரத்தில். எக்ஸ்டென்ஷன் கயிறு கூடவே கூடாது. உயரத்தைப் பற்றிச் சென்னைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டாம். 2015 டிசம்பரையும் 2023 டிசம்பரையும் மனதில் வைத்து, இன்னும் மேலேயே வையுங்கள். என்னுடையது என் தோள் உயரத்தில் இருக்கிறது.

இரண்டாவது மாடிக்காரர்கள் மன்னிக்க வேண்டும், பெயர் சொல்லவில்லை. பால்கனியிலிருந்து எக்ஸ்டென்ஷன் ஒயர் தொங்கவிட்டு ஸ்கூட்டருக்குச் சார்ஜ் போடுவதை நானே பார்த்தேன். மழைக்காலம் வருகிறது.

அடுத்து, யார் மீட்டரில் என்ற சண்டை. உங்கள் வீட்டு மீட்டரிலிருந்தே லைன் இழுப்பதுதான் தகராறு இல்லாத வழி. வீட்டிலோ அலுவலகத்திலோ இருக்கும் இணைப்பிலேயே வாகனத்துக்குச் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்று மத்திய மின் துறையின் 2022 ஜனவரி வழிகாட்டுதலே சொன்னது. ஆகவே "அனுமதி கிடையாது" என்று சங்கம் ஒரே வார்த்தையில் முடித்துவிட முடியாது, முடிக்கவும் கூடாது. ஆனால் எந்த வழியாக ஒயர் போகிறது, யார் வேலை செய்கிறார் என்று கேட்கும் உரிமை சங்கத்துக்கு உண்டு. பில் விஷயத்தில் ஒன்று: மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினால் இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 300 யூனிட் கூடும். யூனிட் ஏற ஏற விலையும் ஏறும் ஸ்லாப் நமக்கு. பெட்ரோல் செலவோடு ஒப்பிட்டால் இன்னமும் லாபம்தான், ஆனால் முதல் பில்லைப் பார்த்து மீட்டர் ஓடுகிறது என்று ஈ.பி. ஆபீசுக்கு ஓட வேண்டாம்.

கடைசியாக நான் கேட்பது. ஆளாளுக்குத் தனித்தனியாகச் சுவரில் பைப் அடிப்பதை நிறுத்துவோம். மீட்டர் ரூமிலிருந்து ஸ்டில்ட் கூரையோடு ஒரே கேபிள் டிரே, சங்கச் செலவில், ஒரு முறை. அதற்குப் பிறகு தேவைப்படுகிறவர் தன் கேபிளைத் தன் செலவில் அதில் படுக்க வைத்துக்கொள்ளட்டும். அப்படிச் செய்தால் எந்தக் கார் எந்தப் பேஸில் என்பதையும் பிரித்துக் கொடுக்கலாம். ஆறு கார் ஒரே பேஸில் விழுந்தால் 90 ஆம்பியர். இரவு பத்து மணிக்கு ஏ.சி.களும் ஓடும்போது முதலில் போவது நம் மெயின் பியூஸ்தான். மூன்று பேஸில் இரண்டிரண்டாகப் பிரித்தால் 30. கார் இல்லாதவர்கள் எதற்குப் பணம் தர வேண்டும் என்று கேட்பீர்கள், நியாயமான கேள்வி. டிரே செலவை முன்பணமாகச் சங்கம் போட்டு, இணைப்பு எடுப்பவரிடம் பங்கு வசூலித்துத் திருப்பி எடுத்துக்கொள்ளலாம். கணக்கை நான் எழுதுகிறேன், சம்பளம் வேண்டாம்.

மூன்று கொட்டேஷன் வாங்கி வைத்திருக்கிறேன். நகல் நோட்டீஸ் போர்டில் இருக்கிறது. வரும் ஞாயிறு காலை பத்து மணிக்குக் கான்ட்ராக்டர் எர்த் அளக்க வருகிறார். சந்தேகம் உள்ளவர்கள் மீட்டர் ரூமுக்கு வாருங்கள். செருப்புப் போட்டுக்கொண்டு வாருங்கள்.