களமும் குழுவும்



மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எங்கேனும் ஒரு புதிய சொல் காதில் விழுந்தால், அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று மனம் தேடத் தொடங்கிவிடும். இணையத்தின் வழியே கணினியில் ஆடும் இளைஞர்கள் தங்கள் சேர்க்கையை ‘க்ளான்’ என்கிறார்கள். ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் ‘பிள்ளைகள்’ என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது அது. ஒரு மூதாதையின் வழித்தோன்றல்களைக் குறிப்பது. நம் கொங்கு நாட்டில் ‘கூட்டம்’ என்னும் சொல் ஏறக்குறைய இதே பொருளில் வழங்குகிறது. ஆனால் கணினியில் ஆடும் இளைஞர்கள் ஒருவருக்கொருவர் உறவினர் அல்லர். ஒரே ஊரினராக இருக்கவேண்டும் என்பதுமில்லை. ஆகவே இப்பேச்சில் ‘குழு’ என்றே குறிப்பிடுகிறேன்.

அவர்கள் அடிக்கடி வழங்கும் மற்றொரு சொல் ‘மேப்’. அகராதி இதற்கு ‘நிலப்படம்’ என்று தருகிறது. அது இங்கே பொருந்தவில்லை. ஆடுவோர் உள்ளே புகுந்து, நடந்து, ஓடி, ஒளிந்து, எதிரணியைச் சந்திக்கும் இடம் அது. தெருக்களும் சுவர்களும் படிக்கட்டுகளும் கொண்ட ஒரு சிற்றூர் என்றே சொல்லலாம். அதற்குக் ‘களம்’ என்ற சொல்லே தக்கது என்று எனக்குத் தோன்றுகிறது. தமிழில் களம் என்பது போர் நடக்கும் இடம். கதிரடித்து நெல் தூற்றும் இடமும் அதுவே. சங்கப் புலவர்கள் போர்க்களத்தை ஏர்க்களத்தோடு ஒப்பிட்டுப் பாடியிருப்பதை இலக்கியம் பயின்றோர் அறிவர். முன்னதில் ஒருவன் வெல்ல, மற்றவன் தோற்கிறான். பின்னதில் ஊரே கூடி உழைக்கிறது.

இணைய விளையாட்டுக் குழுக்கள் பல, தொடங்கிய சில மாதங்களிலேயே சிதறிப்போகின்றன. வெல்வதற்காகவே கூடியவர்கள், தோல்வி தொடர்ந்து வந்தால் கூடியிருக்கக் காரணம் காண்பதில்லை. ஆனால் தாங்களே ஒரு களத்தை அமைக்க முற்பட்ட ஒரு குழு இருபது ஆண்டுகள் பிரியாமல் இருப்பதை நான் அருகிலிருந்து கண்டிருக்கிறேன். அதைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

முதற்கண் இக்கலை தோன்றிய வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். 1993-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இட் சாப்ட்வேர் நிறுவனம் ‘டூம்’ என்னும் ஆட்டத்தை வெளியிட்டது. ஆட்டத்தை இயக்கும் நிரலை ஒருபுறமும், களங்களும் படங்களும் ஒலிகளும் அடங்கிய கோப்பை மறுபுறமுமாக அவர்கள் பிரித்து வைத்திருந்தார்கள். ஆகவே ஆடுவோர் மூல ஆட்டத்தைக் குலைக்காமலே தம் சொந்தக் களங்களைச் சேர்க்க முடிந்தது. 1996-இல் வந்த ‘க்வேக்’, இணையத்தில் பலர் கூடி ஆடும் வழக்கத்தைப் பரப்பியது. 1998-இல் வால்வ் நிறுவனம் வெளியிட்ட ‘ஹாஃப் லைஃப்’ ஆட்டத்தோடு, களம் அமைக்கும் கருவியும் ஆடுவோர் கைக்கு வந்து சேர்ந்தது. அவ்வாட்டத்தை அடித்தளமாகக் கொண்டு மின் லீ, ஜெஸ் கிளிஃப் என்னும் இரு இளைஞர்கள் 1999-இல் உருவாக்கியதே ‘கவுண்டர் ஸ்ட்ரைக்’. மறு ஆண்டில் வால்வ் நிறுவனம் அதைத் தனதாக்கிக்கொண்டது. அதன் புகழ்பெற்ற ‘டஸ்ட்’ என்னும் களத்தையும், 2001-இல் வந்த ‘டஸ்ட் 2’ என்னும் களத்தையும் வகுத்தவர் டேவிட் ஜான்ஸ்டன் என்னும் ஆங்கிலேயர். முதற்களத்தை வகுத்தபோது அவர் பதின்ம வயதினர், அந்நிறுவனத்தின் ஊழியருமல்லர். வீட்டில் அமர்ந்து அவர் கட்டிய தெருக்களில் உலகத்தின் பல நாட்டு மக்கள் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறார்கள்.

இனி பெங்களூருக்கு வருவோம். நம் முன்னோர் ‘தண்டு’ என்றழைத்த கண்டோன்மெண்ட்டுப் பகுதியில், ஃப்ரேசர் டவுனுக்கு அண்டையில் உள்ளது ரிச்சர்ட்ஸ் டவுன். நடுவே ஒரு பூங்கா, அதைச் சூழ்ந்து நேரான தெருக்கள், ஓட்டுக் கூரையும் கூம்பிய மரமுகப்பும் கொண்ட பழைய பங்களாக்கள், அவற்றின் மதிற்சுவர்கள் மேல் கவிந்த மரங்கள்: இதுவே அதன் தோற்றம். தமிழும் கன்னடமும் உருதும் ஆங்கிலமும் ஒரே தெருவில் ஒலிக்கும் இடம் அது.

2003-ஆம் ஆண்டை ஒட்டி, அங்குள்ள இளைஞர் ஒன்பது பேர் அருகிலிருந்த இணைய நிலையத்தில் கூடிக் கவுண்டர் ஸ்ட்ரைக் ஆடி வந்தார்கள். கல்லூரிப் படிப்பை முடித்த புதிதில் நானும் அவர்களுள் ஒருவன். மூன்று ஆண்டுகளுக்குள் பிழைப்பு எங்களைப் பிரித்தது. ஒருவர் புனேக்கும், இருவர் ஹைதராபாத்துக்கும், ஒருவர் துபாய்க்கும் சென்றனர். மத்திய அரசின் மொழிபெயர்ப்புப் பணி என்னை டில்லிக்கு அழைத்தது. இணையத்தில் கூடி ஆடினோம் என்றாலும், தொடர்ந்து தோற்றோம். தோற்ற இரவுகளில் ஒருவரையொருவர் குறை கூறினோம். எங்களுள் மிக நன்றாக ஆடிய இருவர் வேறொரு குழுவில் சேர்ந்துவிட்டார்கள். குழு கலையும் நிலைக்கு வந்துவிட்டது.

அப்போது எங்களுள் குறி வைத்துச் சுடுவதில் கடைசியான நண்பர் ஒருவர், “நம் தெருவையே களமாகக் கட்டுவோம்” என்றார். அந்தப் பேச்சு எங்களைப் பிடித்து நிறுத்திற்று.

கட்டத் தொடங்கிய பின்னரே அதன் கடினம் புரிந்தது. அந்த ஆட்டத்தின் உலகத்தில் நிற்கும் மனிதனின் உயரம் 72 அலகு. அகலம் 32 அலகு. 18 அலகு உயரம் வரையுள்ள படியில் குதிக்காமலே ஏறலாம். ஓரலகை ஓரங்குலமாகக் கொண்டால் மனித உருவம் ஆறடி வருகிறது. ஆனால் ஒரு களம் பரவக்கூடிய எல்லை 8192 அலகு மட்டுமே. அதாவது ஏறத்தாழ 680 அடி. ரிச்சர்ட்ஸ் டவுன் முழுவதும் அதில் அடங்காது. எதைச் சேர்ப்பது, எதை விடுவது? ஒவ்வொருவருக்கும் தத்தம் வீட்டு வாசல் வேண்டியிருந்தது. பல வாரங்கள் வாதாடியபின், பூங்காவின் ஒரு மூலையும் அதனருகே இரண்டு தெருக்களும் என்று முடிவாயிற்று. விடுபட்ட வீடுகளின் மதிற்கதவு ஒன்று, திண்ணைத் தூண் ஒன்று என்று ஏதேனும் ஓர் அடையாளத்தை அத்தெருக்களிலேயே பொருத்தினோம்.

இதைவிடக் கனமான கேள்வி ஒன்றும் எழுந்தது. துப்பாக்கி ஏந்தி ஆடும் ஆட்டத்தில், மெய்யான மக்கள் வாழும் இடத்தை எந்த அளவுக்குக் காட்டலாம்? 2007-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஒரு மாணவர் தம் பள்ளியைக் கவுண்டர் ஸ்ட்ரைக் களமாக அமைத்ததற்காக வேறொரு பள்ளிக்கு மாற்றப்பட்டார். வர்ஜீனியாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் பலர் சுட்டுக் கொல்லப்பட்ட சில நாட்களுக்குள் நடந்தது அது. அச்செய்தியைப் படித்த எங்களுள் சிலர், வேலையையே நிறுத்திவிடலாம் என்றார்கள். ஈற்றில், பள்ளியும் வழிபாட்டிடமும் மருத்துவமனையும் களத்தில் இடம்பெறா என்றும், எவர் வீட்டுக்கும் உள்ளறை கட்டுவதில்லை என்றும் விதி வகுத்தோம். ஆட்டத்தில் சிறந்தவர், ஆடத் தெரியாதவர் என்ற வேறுபாடு அந்த விவாதத்தில் எவருக்கும் நினைவு வரவில்லை.

களம் அமைக்கும் வேலையில் ஒவ்வொரு திறமைக்கும் இடம் கிடைக்கிறது. எங்களுள் ஒருவர் பெங்களூரிலேயே தங்கியிருந்தார். அவர் தெருவில் நடந்து, சுவர்களையும் ஓடுகளையும் படமெடுத்து அனுப்புவார். புனேயிலிருந்தவர் அப்படங்களைச் சுவரில் ஒட்டத்தக்க சதுரங்களாக மாற்றுவார். களம் முழுவதும் ஒரு பெட்டியைப்போல் நாற்புறமும் அடைபட்டிருக்க வேண்டும். இரு சுவர்களுக்கிடையே ஓர் அலகு இடைவெளி இருந்தாலும், எங்கிருந்து எது தெரியும் என்று கணிக்கும் வேலையைக் கணினி செய்ய மறுத்துவிடும். அத்தகைய ‘கசிவு’களைக் கண்டுபிடித்து அடைப்பதற்குப் பொறுமை வேண்டும். அந்தப் பொறுமை, சுடுவதில் கடைசியான நண்பரிடத்தில் மிகுதியாக இருந்தது. அதுவரை குழுவில் பின்வரிசையில் நின்றவர், அன்றுமுதல் எல்லோரும் ஆலோசனை கேட்கும் மனிதரானார்.

நடுநிலையும் களத்தின் வழியாகவே எங்களுக்குக் கிட்டிய பாடம். இரு அணிகளும் தத்தம் தொடக்க இடத்திலிருந்து ஓடினால் நடுத்தெருவை ஏறத்தாழ ஒரே நொடியில் அடைய வேண்டும். ஓரணி முந்தினால் ஆட்டம் பாழ். இதற்கெனக் கடிகாரத்தை வைத்து ஓடிப் பார்த்துச் சுவர்களை நகர்த்துவோம். போட்டியாக ஆடும்போது 15 சுற்றுகளுக்குப் பின் அணிகள் பக்கம் மாறுவது அந்நாளில் வழக்கமாயிருந்ததால், ஒருவர் தமக்குச் சாதகமாகக் களத்தைச் சாய்த்தாலும் பயனில்லாதிருந்தது. பாதி ஆட்டத்துக்குப் பின் அதே சாய்வு அவருக்கே பாதகமாகும். குழுவை விட்டுப் போன இருவரை, சோதித்துப் பார்க்க வருமாறு அழைத்தோம். குறை சொல்லவே வந்தார்கள். சொன்ன குறைகள் சரியாகவே இருந்தன. அவற்றைத் திருத்தும் பொருட்டு மீண்டும் வந்தார்கள். பிறகு போகவில்லை.

மேலும் ஒரு சிறு செய்தி. ஒருவரிடமுள்ள களத்தின் கோப்பு, ஆட்டம் நடக்கும் சேவைக் கணினியிலுள்ள கோப்பினின்று சிறிதளவு மாறுபட்டாலும், “உம்முடைய களம் வேறுபடுகிறது” என்று கூறி ஆட்டம் அவரை வெளியேற்றிவிடும். எனவே ஒவ்வொரு திருத்தமும் எல்லோர் கைக்கும் போய்ச் சேர வேண்டும். ஒரு முறை நண்பர் ஒருவரின் கணினி பழுதாகி, மூலக் கோப்பு முற்றிலும் மறைந்துபோயிற்று. எட்டு மாத உழைப்பை மறுபடி செய்தோம். அன்றுமுதல் மூலப் படிகள் மூன்று ஊர்களில் மூவரிடம் இருக்கின்றன. களத்தின் ஒரு சுவரில் ஒன்பது பெயர்களும் அகரவரிசையில் பொறிக்கப்பட்டுள்ளன. அதிகம் உழைத்தவர் பெயருக்கு முதலிடம் இல்லை.

ஆண்டுகள் சென்றன. நாங்கள் காட்டிய பங்களாக்களுள் சில இடிக்கப்பட்டு, அவ்விடங்களில் அடுக்குமாடிக் கட்டடங்கள் எழுந்தன. களத்திலும் அவற்றை இடிக்க வேண்டுமா? ஊரிலேயே இருப்பவர் வேண்டும் என்றார். வெளியூரிலுள்ளோர் கூடாது என்றோம். ஊரை விட்டு வந்தவர்களுக்கு அது, தாம் விட்டுவந்த நாளில் இருந்தபடியே இருக்கவேண்டும் என்று ஆசை. அங்கேயே வாழ்பவருக்கோ கண்ணெதிரே இருப்பதே ஊர். இறுதியில் களத்தை இரண்டாக வைத்துக்கொண்டோம்: பழைய தெரு ஒன்று, புதிய தெரு ஒன்று. சனிக்கிழமை இரவுகளில் மாறி மாறி ஆடுகிறோம்.

பிறர் கட்டிய களத்தில் மட்டும் கூடுவோரின் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ‘பப்ஜி’ என்னும் கைப்பேசி ஆட்டம் 2020 செப்டம்பரில் நம் நாட்டில் தடைசெய்யப்பட்டது. அதன் மாற்று வடிவமாக 2021-இல் வந்த ஆட்டமும் 2022 ஜூலையில் நீக்கப்பட்டு, 2023 மே மாதத்திலேயே திரும்பிற்று. தடையின் நியாயங்களை ஆராய்வது என் நோக்கமன்று. ஆனால் அந்த ஒரே இடத்தில் சந்தித்துவந்த எண்ணற்ற குழுக்கள், ஒரு நாள் காலையில் சந்திக்குமிடம் இல்லாமல் நின்றன என்பது உண்மை. சொந்தமாக ஒரு களமும், அதன் மூலப்படியும், அதைத் திருத்தத் தெரிந்த கைகளும் உடையவர்கள் வேறோர் ஆட்டத்திற்குக்கூட அதைப் பெயர்த்துக் கொண்டுபோக இயலும்.

பிற மாநிலங்களில் வாழும் தமிழர்களுக்கு இது புதிய செய்தியன்று. பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் 1950-இல் தோன்றியது. டில்லியிலும் பிற நகரங்களிலும் சங்கங்கள் உண்டு. பொங்கலுக்கு ஒரு நாள் கூடிக் கலைவதோடு நின்ற கூட்டங்கள் மறைந்திருக்கின்றன. கட்டடத்துக்குக் கல் சுமந்து, நூலகத்துக்கு நூல் திரட்டி, கணக்கெழுதி, அதைப் பற்றிச் சண்டையும் போட்டவர்களின் சங்கங்களே நிற்கின்றன. செய்து முடிக்க ஒரு வேலை இருக்கும்போது, மனத்தாங்கல் கொண்டவரும் மறுவாரம் வந்துசேர ஒரு காரணம் இருக்கிறது.

உங்கள் இல்லத்து இளைஞர்கள் கணினி முன் அமர்ந்திருப்பதைக் கண்டு நீங்கள் கவலைப்படலாம். பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடுத்து, போட்டியாக ஆடும் மின்விளையாட்டை ஊக்குவிக்கும் சட்டத்தை 2025 ஆகஸ்டில் நம் நாடாளுமன்றம் நிறைவேற்றியுள்ளது. அந்த வேறுபாட்டை நாமும் வீட்டில் கவனிப்பது நலம். அதனோடு இன்னொன்றையும் கேளுங்கள்: “நீ ஆடும் இடத்தைக் கட்டியவர் யார்? உன்னால் ஒன்று கட்ட முடியுமா?” ‘மைன்கிராஃப்ட்’ போன்ற ஆட்டங்களில் பள்ளிச் சிறுவர்களும் இன்று கட்டுகிறார்கள். பையனோ பெண்ணோ, “முடியும்” என்று சொன்னால், உங்கள் சொந்த ஊர்த் தெருவைப் பற்றி அவர்களுக்குச் சொல்லுங்கள். தேர்முட்டி எந்த மூலையில் நின்றது, கிணற்றுக்கு எத்தனை படி என்பவற்றை அளவோடு சொல்ல வேண்டியிருக்கும். சரியாக நினைவில்லையென்றால் ஊரிலுள்ள அத்தைக்கோ சித்தப்பாவுக்கோ தொலைபேசியில் பேசிக் கேட்டறியலாம். அவர்களும் அந்தக் குழுவில் சேர்ந்துவிடுவார்கள்.